கீபோர்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முன்: கேள்வியும் பதிலும்

கேள்வி (ஒரு தாய், வெள்ளவத்தை): தம்பி, மகளின் லப்டொப்பில் நேற்றிரவு முதல் ஒரு எழுத்தும் விழவில்லை. மவுஸ் வேலை செய்கிறது. கடையில் கீபோர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?

பதில்: காசு கொடுக்க முன் ஒன்று செய்து பாருங்கள் அக்கா. நோட்பேடைத் திறந்து ஏதாவது ஒரு எழுத்தை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். தட்டினால் வராத எழுத்து பிடித்தால் வருகிறதா? அப்படியென்றால் கீபோர்டில் பழுதே இல்லை, பில்டர் கீஸ் ஓன் ஆகிக் கிடக்கிறது. சட்டென்று தட்டுவதைக் கணக்கில் எடுக்காமல் விடும் விண்டோஸ் வசதி அது. வலது பக்க ஷிப்டை 8 விநாடி விடாமல் பிடித்தால் விண்டோஸ் ஒரு சத்தம் போட்டு, இதை இயக்கவா என்று கேட்கும். பிள்ளைகள் பக்கத்தில் கொப்பியை வைத்து எழுதும்போது கையை லப்டொப் ஓரத்தில் ஊன்றுவார்கள், ஷிப்ட் அதற்குள் அமுங்கியிருக்கும், வந்த பெட்டியை வாசிக்காமலே எண்டரைத் தட்டிவிடுவார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மவுஸாலேயே செட்டிங்ஸ் போய், அக்ஸசிபிலிட்டி, அதற்குள் கீபோர்ட். விண்டோஸ் 10 என்றால் அக்ஸசிபிலிட்டிக்குப் பதில் ஈஸ் ஒப் அக்ஸஸ் என்று இருக்கும். பில்டர் கீஸை ஓப் பண்ணுங்கள். அதோடு விடாமல், அதன் கீழே உள்ள ஷோர்ட்கட்டையும் (ஷிப்டைப் பிடித்தால் இயங்கும் குறுக்குவழி) ஓப் பண்ணுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கிழமையும் இதே கதைதான்.

கேள்வி (அதே அக்கா): பாஸ்வேர்டே அடிக்க முடியவில்லையே, எப்படி உள்ளே போவது?

பதில்: லொகின் திரையில் வலது கீழ் மூலையில் மனித உருவம் போல ஒரு சின்னம் இருக்கும் (விண்டோஸ் 10இல் அது வேறு மாதிரி, ஆனால் அதே மூலைதான்). அதைச் சொடுக்கி ஓன்-ஸ்கிரீன் கீபோர்டை எடுத்து, மவுஸால் பாஸ்வேர்டைக் குத்துங்கள்.

கேள்வி (மாணவர், தெஹிவளை): அண்ணா, சில எழுத்துகள் மட்டும் இலக்கமாக வருகின்றன. யூ அடித்தால் 4, ஜே அடித்தால் 1.

பதில்: நம் லொக் (Num Lock) ஓன் ஆகியிருக்கிறது, சில எழுத்துப் பட்டன்களை இலக்கமாக்கும் பட்டன் அது. அதை ஒரு தரம் அழுத்தி ஓப் பண்ணுங்கள். சில லப்டொப்களில் எப்என் (Fn) பட்டனோடு சேர்த்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான் தம்பி.

கேள்வி (பம்பலப்பிட்டி): தேத்தண்ணி ஊற்றுப்பட்டு ஒரு வரிசை எழுத்தே வேலை செய்யவில்லை. இதுவும் செட்டிங்ஸா?

பதில்: இல்லை. உடனே ஓப் பண்ணிச் சார்ஜரைக் கழற்றுங்கள், திரும்பப் போட்டுப் பார்க்கவே வேண்டாம், திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். சீனி போட்ட தேத்தண்ணி காய்ந்தாலும் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுவாக, ஊற்றுப்படாத கீபோர்டில் சந்தேகம் என்றால் கணினி ஓன் ஆகும்போது, விண்டோஸ் தொடங்க முன், பயோஸ் (BIOS) என்ற அமைப்புத் திரைக்குள் போய் அங்கே அம்புக்குறிப் பட்டன்கள் நகர்கின்றனவா பாருங்கள். பில்டர் கீஸ் விண்டோஸுக்குள் மட்டும்தான். அங்கே நன்றாக ஓடினால் கீபோர்ட் உயிரோடுதான் இருக்கிறது, கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவுக்கு அலைய வேண்டாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): என் அப்பாவுக்குக் கை நடுக்கம். ஒரு எழுத்து அடித்தால் மூன்று விழுகிறது, கோபத்தில் கணினியையே மூடிவிடுகிறார். அதுபோக, மேலே சொன்ன பில்டர் கீஸ் போன்ற தொல்லை பிடித்த வசதியெல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பதில்: உங்கள் அப்பாவுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் தங்கச்சி. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே கூட வருகிறது. வெள்ளவத்தை அக்காவுக்கு நான் ஓப் பண்ணச் சொன்னதை நீங்கள் ஓன் பண்ண வேண்டும். கொன்ட்ரோல் பனலில் ஈஸ் ஒப் அக்ஸஸ் போய், பில்டர் கீஸ் அமைப்பைத் திறந்து பவுன்ஸ் கீஸைத் தெரிவுசெய்யுங்கள். விரல் எழும்பி உடனே அதே பட்டனில் மறுபடி விழுந்தால் இரண்டாவதை அது கணக்கில் எடுக்காது. நேரத்தை 0.5 விநாடியில் வைத்துத் தொடங்குங்கள்.

ஒன்றை முன்பே அவருக்குச் சொல்லிவையுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் எடுப்பவர் என்றால், இரட்டித்து வரும் எழுத்தில் மாட்டுப்படுவார். அம்மா (ammaa) என்று வேகமாக அடித்தால் இரண்டாவது எம் விழாது, கடைசி ஏயும் விழாது, திரையில் அம என்று நிற்கும். ஒரு எம், சின்ன இடைவெளி, அப்புறம் அடுத்த எம். முதல் நாள் பக்கத்தில் இருந்து, அம்மா, அப்பா, அக்கா என்று நாலைந்து தரம் அவரையே அடிக்கவிடுங்கள்.