மழைக்காலத்தில் குதிரைக்குக் கொத்தாக முடி கொட்டினால்

கேள்வி: கடலூர் சில்வர் பீச்சில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுவதற்காக ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அதன் முதுகிலும் இடுப்பிலும் பொருக்கு கட்டி, இழுத்தால் முடி கொத்தோடு கையில் வருகிறது. தொட்டாலே தோலைச் சிலிர்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. படை என்று சொல்லி மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். கடல் தண்ணீரில் குளிப்பாட்டினாலே போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த க்ரீமை நிறுத்துங்கள். கடையில் படைக்கென்று கொடுக்கும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் சிவப்பு குறைந்து நிம்மதியாக இருக்கும். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிருமி உள்ளே பரவும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் படை இல்லை. படை பூஞ்சையால் வருவது, பெரும்பாலும் வட்ட வட்டமாக முடி உதிரும். சொறி உண்ணியாக இருந்தால் குதிரை அரிப்புத் தாங்காமல் சுவரிலும் மரத்திலும் உரசிக்கொண்டே இருக்கும். உங்கள் குதிரைக்கு அரிப்பை விட வலிதான் தெரிகிறது. பிய்ந்து வந்த ஒரு கொத்தைப் பாருங்கள்: அடியில் பொருக்கு ஒட்டி, பெயின்ட் பிரஷ் போல முடி குத்திட்டு நிற்கிறதா? அந்த இடத்தில் தோல் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் இது டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. 1915-இல் பெல்ஜிய காங்கோவில் மாடுகளிடம் முதலில் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர்.

இந்தக் கிருமி காய்ந்த பொருக்குக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் பட்டதும் நீந்தக்கூடிய நுண்வித்துகளை வெளியே விடும். நல்ல தோலுக்குள் அவற்றால் நுழைய முடியாது. நாள் முழுக்க நனைந்து ஊறிய தோல், ஈ கடித்த இடம், சேணம் உரசிய இடம், இவைதான் வாசல். கார்த்திகை முடியும்வரை நம் கரையோரத்தில் இதற்குக் குறைவே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழை நினைவிருக்கும். அதுபோன்ற நாட்களில் கூரையில்லாமல் நிற்கும் குதிரைக்குத் தோல் காய நேரமே கிடைக்காது.

ஆகவே மருந்தை விட முக்கியம், குதிரையைக் காய வைப்பது. மேலே தார்ப்பாய், கீழே தண்ணீர் தேங்காத மேடு, இரண்டும் வேண்டும். ஈரப் போர்வையைப் போர்த்தி வைக்காதீர்கள். வேப்பெண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு ஈரத்தையும் பொருக்கையும் அடியில் அடைத்து வைக்கும், இந்தக் கிருமிக்கு அதுவே வசதி. கடல் குளியலும் இப்போது வேண்டாம்; புண்ணில் உப்பு எரியும், தோலும் மறுபடி ஊறிவிடும்.

மழை விட்ட ஒரு நண்பகலில் குளிப்பாட்டுங்கள். 2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தைப் பொருக்கின் மேல் நுரைக்கத் தேய்த்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். உடனே கழுவினால் பயன் இல்லை. கண்ணில் படவே கூடாது. ஊறித் தானாகக் கழன்று வரும் பொருக்கை மட்டும் எடுங்கள், காய்ந்ததைப் பிய்க்காதீர்கள், அது அந்த ஜீவனுக்குக் கடுமையான வலி. அப்புறம் நன்றாகக் கழுவி, துண்டால் ஒற்றித் துடைத்து, முழுக்கக் காயும்வரை காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். ஒரு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. எடுத்த பொருக்கை லாயத்தில் உதறாமல் எரித்துவிடுங்கள்.

சவாரியை நிறுத்தத்தான் வேண்டும். வருமானம் போகும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். புண்ணின் மேல் சேணம் வைத்தால் ஆறாது. அதோடு இது மனிதரையும் தொற்றும். ஏறி உட்காருபவை குழந்தைகள். நீங்களும் கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேணத்துக்கு அடியில் போடும் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். பிரஷ்ஷையும் துணியையும் இன்னொரு குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

முன்னங்கால், பின்னங்கால்களில் குளம்புக்கு மேலே வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சேற்றில் நிற்கும் குதிரைக்கு, குறிப்பாக வெள்ளை முடி உள்ள கால்களில், இதே தொல்லை வரும். அந்தக் கால் வீங்கினாலோ, நொண்டினாலோ, குதிரை தீவனம் தின்னாமல் காய்ச்சலாக இருந்தாலோ, ஒரு வாரக் கழுவலில் புதுப் பொருக்கு நிற்காவிட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பென்சிலின் ஊசி தேவைப்படலாம். அளவை அவரே முடிவு செய்யட்டும், நீங்களாகப் போடாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும். உங்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. போகும்போது மருந்து படாத இரண்டு பொருக்குகளைக் காகித உறையில் போட்டு எடுத்துப் போங்கள். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இணையாக ஓடும் புள்ளி வரிசைகளாக இந்தக் கிருமி தெரியும். பாலித்தீன் பையில் கட்டினால் பொருக்கு வியர்த்து, வேறு கிருமிகள் வளர்ந்து, பார்ப்பது கடினமாகிவிடும்.