பால் இல்லாத சட்டியில் உறைமோர்

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, இருபது மல்லிகைச் செடிகள். தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள். கடையில் திறமி நுண்ணுயிரித் திரவம், அதாவது இ.எம்., ஒரு லிட்டர் வாங்கி வெல்லம் சேர்த்துப் பெருக்கினேன். அது தீரும்போது அதிலிருந்தே ஒரு லிட்டர் எடுத்து மறுபடியும் பெருக்கினேன். இப்போது நடப்பது மூன்றாவது தடவை. கேன் உப்புகிறது, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்குக் கால் டம்ளர் கலந்து செடிகளுக்கு ஊற்றுகிறேன். மல்லிகையின் துளிர் இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. சாக்கடை நாற்றமும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பினாயில் போட்டுக் கழுவுகிறோம். அளவு கூடிவிட்டதா? வேறு எந்தக் கம்பெனியின் திரவம் வாங்கலாம்?

பதில்: அம்மா, முதலில் மல்லிகைக்கு வருவோம், அதுதான் காசு. துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. திரவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். ஆழ்துளைத் தண்ணீரும் உப்பு. உங்கள் வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, இலை பச்சைக்குத் திரும்பும் வரை மாதம் ஒரு முறை மாலையில் தெளியுங்கள். உப்புத் தண்ணீரில் கரைத்தால் காவி நிறத்தில் கீழே இறங்கிவிடும். கரைப்பதற்கு முன் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போகும்போது மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வழி கேட்டுக்கொண்டு வாருங்கள். எட்டு சென்டுக்கு எதற்குச் சோதனை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அளவு கொஞ்சம் கூடுதல்தான். 10 லிட்டர் வாளிக்கு 10 மில்லி, மிஞ்சினால் 20 மில்லி. அதற்கு மேல் ஊற்றுவது காசைக் கரைப்பது.

எந்தக் கம்பெனி என்று கேட்கிறீர்கள். நான் உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. அந்த வாளியை எதன் மேல் ஊற்றுகிறீர்கள்? கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் வெறும் மண்ணின் மேல் என்றால், பால் இல்லாத சட்டியில் உறைமோர் விட்டுவிட்டுக் காலையில் தயிரைத் தேடுவதுபோல் ஆகும். உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தத் திரவத்தில் பெரும்பங்கு வேலை செய்பவை, மோரைப் புளிக்க வைக்கும் அதே இனத்து லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கூட ஈஸ்ட்டும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவும் உண்டு. ஒகினாவாவில் ரியூக்கியு பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களின் தொடக்கத்தில் இந்தக் கலவையைக் கொண்டுவந்தார். மந்திரம் எதுவும் இல்லை, உயிர்கள். உயிர் என்றால் சோறு வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 2003 முதல் 2006 வரை வயலில் ஒரு சோதனை நடந்தது. உயிருள்ள திரவத்தையும், கிருமி நீக்கிச் சாகடித்த அதே திரவத்தையும் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சலில் தெரிந்த மாற்றத்துக்குக் காரணம், திரவத்தைச் சுமந்து வந்த தவிடு போன்ற அங்ககப் பொருள்தான் என்றார்கள். குளிர் நாட்டு மண், நம் கரிசல் அப்படியே நடந்துகொள்ளும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்ககப் பொருள் இருந்தால்தான் பலன் என்பதை முப்பது ஆண்டுகளாக நான் தோட்டங்களிலும் கண்டிருக்கிறேன். சருகும் கூளமும் பரப்பி மூடாக்குப் போட்ட தோட்டத்தில் திரவம் வேலை செய்கிறது, மொட்டை மண்ணில் செய்வதில்லை.

உங்களிடம் இரண்டு மாடுகள் இருக்கின்றன. அவை மிச்சம் வைக்கும் கூளத்தை எங்கே கொட்டுகிறீர்கள்? எரிக்கிறீர்களா? அதைச் செடிக்குச் செடி நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. வேப்பஞ்சருகு கிடைத்தால் சேருங்கள். அலங்காநல்லூர் பக்கம் உறவினர் இருந்தால் கரும்புச் சோகை ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள், வயலில் வைத்துக் கொளுத்துவதைவிட அவர்களுக்கும் புண்ணியம். அந்த மூடாக்கு நனைய, பதினைந்து நாளுக்கு ஒரு முறை திரவம் ஊற்றினால் போதும். இரண்டு மாதம் கழித்துச் சருகை விலக்கிப் பாருங்கள். அடியில் கறுத்துப்போய், பூசண நூல் வெள்ளை வெள்ளையாக ஓடி, புதுமழை வாசம் அடிக்கும். மூடாக்கைப் போடாமல் கேனைத் தூக்குவதாக இருந்தால் கேனே வேண்டாம். சாணமும் கோமியமும் வீட்டிலேயே இருக்க, அமிர்தக் கரைசலை விட்டுவிட்டுக் கடைக்கு ஏன் போனீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தத் திரவம் கெட்டுவிட்டது. பெருக்கியதிலிருந்தே மறுபடி பெருக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுச் சமநிலை குலைந்து, கண்டதும் குடியேறிவிடும். தாய்த் திரவம் 1 லிட்டர், வெல்லம் 1 முதல் 2 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். வெல்லம் கறுப்பாக, அழுக்காக இருக்கட்டும். தங்க நிறத்தில் பளபளப்பது ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். பாக்டீரியாவுக்கு அது ஆகாது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசம் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு கலக்குங்கள். பிளாஸ்டிக் கேனில் மேலே கொஞ்சம் இடம் விட்டு இறுக மூடி, தினமும் ஒரு முறை மூடியைத் தளர்த்துங்கள், உஸ்ஸென்று காற்று போகும். கேன் உப்புவது அந்தக் காற்றால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏழாம் நாள் நீராகாரம்போல் இனிப்பும் புளிப்புமாக மணக்க வேண்டும். மேலே வெள்ளை ஏடு படிந்தால் நல்லது. புளிப்பை அளக்க லிட்மஸ் மாதிரி பி.எச். தாள் கிடைக்கிறது, 4க்குக் கீழே காட்டினால்தான் பயன்படுத்துங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. உங்கள் பாட்டிலில் தயாரித்த தேதி இருந்ததா? எழுதவில்லை, இருந்திருக்காது. பெருக்கிய திரவத்தையே தாய்த் திரவம் என்று லேபிள் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தழைச்சத்து தரும் அசோஸ்பைரில்லம், நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள் எல்லாம் இதே பாட்டிலில் இருக்கின்றன என்பார்கள்; அந்தப் புளிப்பில் அவை எப்படித் தாக்குப்பிடிக்கும்? கண்காட்சி ஒன்றில் ஒருவர், எவ்வளவு நல்லது பாருங்கள் என்று ஒரு மூடி குடித்தே காட்டினார். குடிப்பதற்கு நம் வீட்டு மோர் போதாதா?

கடைசியாகச் சாக்கடை. வெள்ளிக்கிழமை பினாயில், சனிக்கிழமை திரவம் என்று போனால் முந்தின நாள் விஷத்தில் மறுநாள் விருந்தாளி சாகிறார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொழுவத்திலும் சாக்கடையிலும் பினாயிலை நிறுத்திவிட்டு, 1 லிட்டர் திரவத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் வாரம் இரு முறை ஊற்றுங்கள். மூத்திரம் தேங்கும் பள்ளத்தை முதலில் மண் போட்டு மேடாக்குங்கள், நாற்றத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இப்போது கேனில் இருப்பதைச் செடிக்குக் காட்ட வேண்டாம், எருக்குழியில் ஊற்றிவிடுங்கள்.