உடம்பு மெலிந்த பிறகு தொளதொளத்துப்போன உடுப்புகளை என்ன செய்வது? வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?

கேள்வி கேட்டவர் பத்து மாதத்தில் 15 கிலோ குறைந்திருக்கிறாராம். அலுமாரி நிறைய உடுப்பு, உடுக்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார். அவசரப்படாதீர்கள். நானும் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் மூன்று மூட்டை கட்டி விறாந்தையில் வைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகச் சாறிச் சட்டை ஒன்றுகூட இல்லாமல், விடிய ஐந்து மணிக்கு அந்த மூட்டைகளையே அவிழ்த்துத் தேடினேன்.

நான் திருகோணமலையில் ஆசிரியை. கிளினிக்கில் வெறும் வயிற்றில் பார்த்தபோது சீனி 118 காட்டியது. தாதி என் இடுப்பைச் சுற்றி நாடா போட்டு, 101 சென்ரிமீற்றர் என்று கொப்பியில் எழுதிவிட்டு, "எங்கட பொம்பிளையளுக்கு 80க்குள்ள நிக்க வேணும், ரீச்சர்" என்றார். அன்றைக்கு என் நிறை 84 கிலோ. பதினான்கு மாதத்தில் 66க்கு வந்தேன். விடியப்புறம் டச்பே கடற்கரையில் தொடங்கி, கோட்டை வாசலுக்குள்ளால் மான்களைக் கடந்து கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்குவேன். இரவுச் சோற்றையும் தேத்தண்ணிச் சீனியையும் விட்டேன். மெலிந்த கதை இவ்வளவுதான். உடுப்புக் கதைதான் பெரியது.

எங்கள் ஊரில் ஒருவர் மெலிந்தால் முதலில் நினைப்பது வருத்தம் என்றுதான். பழைய பஞ்சாபி உடுப்பை (சல்வார் கமீஸ்) போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன நாட்களில், "என்ன பிள்ளை, உடம்பு விழுந்துபோச்சு, ஏதும் வருத்தமோ?" என்று கேட்காதவர் இல்லை. தோளில் இருந்து சட்டை வழுகினால் நல்ல சுகத்தோடு இருக்கிற ஆளும் நோயாளி மாதிரித்தான் தெரிவார். அதே ஆட்கள், அளவான சட்டையோடு கண்டதும் "நல்லா இருக்கிறீங்கள்" என்றார்கள். (இதை வாசிக்கிற யாராவது ஒரு முயற்சியும் செய்யாமலே மெலிந்துகொண்டு போனால், உடுப்பைப் பற்றி யோசிக்க முன் இரத்தம் சோதித்துப் பாருங்கள். சீனி, தைரொயிட், காசநோய் எல்லாம் ஆளை மெலிய வைக்கும்.)

ஆகவே கொடுப்பதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இப்போதிருக்கிற உடம்புக்கு அளவாக நாலைந்து உடுப்பைத் தயார் பண்ணுவதுதான் முதல் வேலை. உள்ளாடையை உடனே புதிதாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்கூட்டி ஓடுகிறவர்கள் தொளதொளத்த கால்களையும் நீள ஷோலையும் கவனியுங்கள், சில்லுக்குள் இழுபட்டால் ஆளை விழுத்திவிடும். மோதிரத்தையும் பாருங்கள். நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டுக் கரைக்கு வந்தபோது என் விரலில் மோதிரம் இல்லை. அது போனது போனதுதான்.

எனக்குப் பத்து வருடமாகத் தைத்துத் தருகிற நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர் மத்திய வீதிப் பக்கம் இருக்கிறார். மூட்டையோடு அவரிடம் போனேன். லாச்சியில் இருந்து நீளக் கொப்பியை எடுத்து என் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டினார். நெஞ்சு 42, இடுப்பு 38 என்று இருந்தது. திரும்ப அளந்து 36, 32 என்று எழுதினார். பழைய அளவை அவர் வெட்டவில்லை, அதற்குக் கீழேதான் எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. உடம்பு இன்னும் ஒரு இடத்துல நிக்கல்ல. ஆறு மாசம் இதே அளவுல நிண்டா அப்ப வெட்டுவம்."

பிறகு என் பதினொரு சட்டைகளையும் ஒவ்வொன்றாக உட்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்து இரண்டு குவியலாக வைத்தார். ஒன்றில் மூன்று, மற்றதில் எட்டு. "பக்கத்தால ரெண்டு அங்குலம், மிஞ்சினா மூணு அங்குலம் ஒடுக்கலாம். இந்த எட்டும் தோள் இறங்கிட்டு. தோள் இறங்கினா பக்கத்த ஒடுக்கி வேலையில்ல, கழுத்தும் கையும் கழட்டணும். அந்தக் கூலிக்குப் புதுசே தைக்கலாம்."

மெலிந்தவர்கள் கண்ணாடி முன் நின்று பார்க்கவேண்டிய இடம் அந்தத் தோள்தான். சட்டையோ சேட்டோ, தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் நிற்கிறதென்றால் பக்கத்தை ஒடுக்கி எடுத்துவிடலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் கையில் இறங்கிவிட்டால் விடுங்கள். களிசானைப் பின் நடுத் தையலில் இரண்டு அங்குலம் அளவில் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பொக்கற் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பஞ்சாபி சுகமான வேலை, இரண்டு பக்கத் தையலோடு முடிந்துவிடும். தைக்கக் கொடுக்கும்போது கூடக் கொண்டுபோகிற அந்த அளவுச் சட்டையையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய அளவுச் சட்டையைப் பழக்கத்தில் கொடுத்து, புதுத் துணியைப் பழைய உடம்புக்குத் தைப்பித்தவள் நான்.

சாறிக்கு அளவு இல்லை. ஐந்தரை மீற்றர், யாருக்கும் ஐந்தரை மீற்றர்தான். முன்னே ஐந்து கொய்யகம் வந்த சாறியில் இப்போது ஏழு வருகிறது. ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்று விரலால் எண்ணிப் பார்த்துத்தான் நான் உண்மையாகவே மெலிந்திருக்கிறேன் என்று நம்பினேன். தராசு காட்டியபோது கூட அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. சாறி ஒன்றையும் கொடுக்கத் தேவைப்படவில்லை.

நானா சொன்ன இன்னொன்று: "மிச்சத் துணிய வெட்டல்ல, உள்ளுக்கு விட்டுத் தைக்கிறன்." உங்கள் தையல்காரரிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள். பொங்கல் விடுமுறையோடு எனக்கு மூன்று கிலோ திரும்பி வந்தது. ஒரு தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டேன், வேலை முடிந்தது. வெட்டியிருந்தால் அந்தச் சட்டை போயிருக்கும்.

வெட்டாமல் ஒடுக்குகிறதை நான் முதலில் கண்டது அம்மாவின் கையில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பதினைந்து வயது. திருக்கடலூரில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. சுனாமி வந்ததும் உடுத்திருந்ததோடு ஓடினோம். பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தபோது லொறியில் உடுப்பு வந்தது. குவியலில் கம்பளிக் கோட்டுகள் கிடந்தன, எங்கள் ஊர்ச் சூட்டுக்கு. ஒற்றைச் சப்பாத்து, சிப் அறுந்த களிசான், கழுத்துப் பட்டியில் வேர்வை காய்ந்து கறுத்த சேட். அனுப்பினவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் தேடியது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதற்குள் ஒரு நீலக் கவுன் இருந்தது. கழுவி, அயன் பண்ணி, நேராக மடித்திருந்தது. முன்பக்கம் ஐந்து வெள்ளைப் பொத்தான். மூன்றாவது மட்டும் கொஞ்சம் மஞ்சள், அளவிலும் சின்னது, அதைத் தைத்திருந்த நீல நூல் புது நூல். யாரோ ஒருவர் மூட்டை கட்ட முன் அந்தப் பொத்தான் இல்லாததைக் கண்டு, வீட்டில் தேடி, கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்து இருந்து தைத்திருக்கிறார். எனக்கு அது மிகவும் பெரிது. அம்மா இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, கத்தரி வைக்காமல், கையால் நூலோட்டித் தந்தா. அடுத்த வருடம் ஒரு பக்க நூலை இழுத்துவிட்டா. அதற்கடுத்த வருடம் மற்றப் பக்கம். அந்தக் கவுனோடுதான் நான் வளர்ந்தேன்.

அதனால் ஒரு உடுப்பைக் கொடுக்கலாமா என்று பார்க்க எனக்கு வேறு கணக்கு இல்லை. இதை மூட்டைக்குள் போடாமல், வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக் கையில் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் கழுவி, வெயிலில் போட்டு, பொத்தானும் சிப்பும் பார்த்து மடிப்பேன். இல்லை என்றால் அது துணி. பருத்தி என்றால் அடுப்படிப் பிடிதுணி, நிலம் துடைக்க, தம்பியின் வள்ளத்து எஞ்சின் துடைக்க. நைந்து மெத்தென்று ஆன நூல் சாறி ஒன்றை அயலில் பிள்ளை கிடைத்த வீட்டில் ஏணை கட்டக் கேட்டு வாங்கினார்கள். அதைப் போல நல்ல முடிவு எந்தப் பட்டுக்கும் இல்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நான் ஒரு பிழை விட்டேன். என்னோடு படிப்பிக்கிற அக்கா ஒருவருக்கு என் பழைய அளவு. நல்ல பஞ்சாபி நாலு, இரண்டு தரம்கூடப் போடாதவை. ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது, "அக்கா, இது உங்களுக்கு அளவா இருக்கும், நான் இப்ப மெலிஞ்சிட்டன்" என்று நீட்டினேன். அந்த முகம் ஒரு கணம் மாறினது. "வேணாம் பிள்ளை, என்னட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு ரெஜிஸ்ரரைத் திறந்தா. அந்த ஒரு வசனத்தில் நான் அவரை எத்தனை பேர் முன்னால் நிறுத்தி அளந்துவிட்டேன் என்று பிறகுதான் விளங்கியது. நாடாவோடு தாதி நின்ற அன்று எனக்கு எப்படி இருந்தது என்று தெரிந்த நானே அதைச் செய்தேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தா, உடுப்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொடுப்பதென்றால் தனியாகக் கேளுங்கள். அளவு, மெலிவு என்ற பேச்சே வேண்டாம். "நல்ல துணி, சும்மா கிடக்குது, பிடிச்சிருந்தா எடுங்கோ" என்றால் போதும். வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

பெரிய அளவு உடுப்பு யாருக்கும் உதவாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கச் சனம் வீடு விட்டு எழும்ப வேண்டி வந்தபோது, நாங்கள் சில ஆசிரியர்கள் உடுப்புச் சேர்த்துக்கொண்டு போனோம். வந்து சேர்ந்ததில் முக்கால்வாசி சின்னப் பிள்ளைகளுடையதும் மெல்லிய பெட்டைகளுடையதும். ஒரு அம்மா குவியலைச் சுற்றி இரண்டு தரம் வந்துவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்து, "மனே, எனக்குக் காணுற மாதிரி நைட்டி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டா. இல்லை. நனைந்த சாறியோடு திரும்பிப் போனா. என் அலுமாரிக்குள் அந்த நேரம் ஆறு கிடந்தது. அடுத்த நாள் போன வாகனத்தில் ஆறையும் அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு ஒன்று கிடைத்ததா தெரியாது.

அன்றிலிருந்து கொடுக்கிற ஒவ்வொன்றிலும் நெஞ்சளவை அங்குலத்தில் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் குத்திவிடுகிறேன். எக்ஸ்எல் என்று லேபிளில் இருப்பது கடைக்குக் கடை மாறும், 42 என்றால் எல்லோருக்கும் 42. தேவைப்படுகிறவர் தன் அளவை வாய் திறந்து கேட்காமல் தானே பார்த்து எடுக்கலாம்.

வைத்திருப்பதைப் பற்றி. "குடுத்திட்டு, உடம்பு திரும்ப வந்தா என்ன செய்வாய்?" என்று அம்மா கேட்டா. அதை அபசகுனமாக எடுக்காதீர்கள், மெலிந்தவர்களில் நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது திரும்பி வருகிறதுதான். ஆனால் அதற்காக 84 கிலோ உடுப்பு முழுவதையும் கட்டிக் காக்கத் தேவையில்லை. இப்போதைய அளவுக்கு ஒரு படி மேலான நாலு உடுப்பை ஒரு பெட்டியில் வைத்தேன், மற்றதை விட்டேன். நிறை ஆறு மாதம் அசையாமல் நின்ற பிறகு அந்த நாலையும் கொடுத்தேன். நானாவும் கொப்பியில் 42ஐ ஒரு கோட்டால் வெட்டினார். உங்களுக்கு 15 கிலோவும் பத்து மாதத்தில் போயிருக்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் தைப்பதையும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். புதுத் துணி எடுக்காதீர்கள்.

பெட்டியில் வைப்பதென்றால் எங்கள் பக்கத்து மாரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் காற்றே ஈரம். ஒரு தரம் போட்ட உடுப்பை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்டதை வைக்கவே கூடாது, கஞ்சிக்குத்தான் வெள்ளிப் பூச்சி வரும். கழுவி, மொறுமொறு என்று காய்ந்த பிறகு, ஊசிகளைக் கழற்றிவிட்டு வையுங்கள். ஊசி துருப்பிடித்தால் அந்தக் கறை போகாது.

கூறைச் சட்டை ஒன்றுதான் மிச்சம். அதை நானாவிடம் கொண்டுபோனேன், அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இத ஒடுக்க வேணாம் தங்கச்சி, கூறைக்கு வேற சட்டை தச்சுத் தாறன்." அப்படியே செய்தோம். பழைய சட்டையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சரிகையில் பூச்சி உருண்டை படக்கூடாது என்பதால் அதை வேறு துணியில் முடிந்து பெட்டி மூலையில் போட்டிருக்கிறேன். மாரி முடிந்து வெயில் திரும்பியதும் எடுத்து, நிழலில் அரை நாள் விரித்து, பழைய மடிப்பில் விழாமல் வேறு மடிப்பாக மடித்து வைப்பேன்.