கொரிய வரலாற்றுத் தொடர்களின் கதாபாத்திரங்கள் ஏன் மனத்தை விட்டு அகல மறுக்கிறார்கள்?

அரண்மனைச் சூழ்ச்சியும் வாள்சண்டையும் எல்லா நாட்டுச் சரித்திரத் தொடர்களிலும் இருக்கும்போது, கொரியத் தொடர்களைப் பார்த்து மட்டும் ஏன் இப்படி அழுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்கான பதில் ஒரு கிண்ணம் தண்ணீரில் கிடைத்தது.

'டே ஜாங் கும்' தொடரில் (கொரியத் தொலைக்காட்சி எம்பிசி, 2003–2004, 54 பகுதிகள்) ஜாங் கும் அரண்மனைச் சமையலறைக்குப் புதிதாக வந்த சிறுமி. அவளைப் பழக்குபவர் ஹான் சங்குங். சங்குங் என்பது அரண்மனையில் மூத்த பெண்களுக்கான பதவி. நாள்தோறும் அவர் இடும் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: குடிக்கத் தண்ணீர் கொண்டு வா. எதைக் கொண்டு வந்தாலும் அவர் முகத்தில் நிறைவு இல்லை. பல நாள் கழித்துத்தான் குழந்தைக்குப் பொறி தட்டுகிறது. வயிறு சரியில்லையா, தொண்டை வலிக்கிறதா என்று கேட்கிறாள். தொண்டைதான் என்று தெரிந்ததும் வெதுவெதுப்பான நீரில் துளி உப்பைக் கரைத்து, மெல்ல மெல்லக் குடியுங்கள் என்று நீட்டுகிறாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுப்பது அவளுடைய இறந்துபோன அம்மாவின் வழக்கம். அந்த அம்மா தன் உயிர்த்தோழிதான் என்பது ஹான் சங்குங்குக்கு அப்போது தெரியாது.

அன்பு என்ற சொல்லே வராத காட்சி இது. ஆனால் பின்னால், ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்படும் வழியில் ஜாங் குமின் முதுகிலேயே ஹான் சங்குங் உயிர் விடும்போது நம்மை உலுக்குவது இந்தத் தண்ணீர்தான். படுக்கையில் இருந்த என் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துப் போகும்போதெல்லாம், அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன்: சூடாக வேண்டுமா, ஆறியது போதுமா?

கொரியாவை ஆண்ட ஜோசன் வம்ச அரசர்களின் ஆட்சிப் பதிவேடான 'சில்லோக்' 25 அரசர்களின் 472 ஆண்டுகளைப் பதிவு செய்திருக்கிறது. 1404இல் மன்னர் தேஜோங் குதிரையிலிருந்து விழுந்தார். இது வரலாற்று எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் சேர்த்தே எழுதி வைத்துவிட்டார்கள்! இவ்வளவு கறாரான ஏட்டில், தொடரின் நாயகிக்கு மூலமான ஜாங் கும் என்ற பெண் வைத்தியரைப் பற்றி இருப்பவை சில குறிப்புகள் மட்டுமே. 1544இல் மன்னர் ஜுங்ஜோங், தம் நோயின் நிலை அந்தப் பெண் வைத்தியருக்குத் தெரியும் என்று சொன்னதாக ஒரு வரி இருக்கிறது. ஒரு மன்னரை அப்படிச் சொல்ல வைத்த பெண் எப்படிப்பட்டவளாக இருந்திருப்பாள்? கதாசிரியர் கிம் யங்-ஹியோன் 54 பகுதிகளில் அதற்குத்தான் விடை தேடுகிறார். சமையலறை வாழ்க்கை முழுக்க முழுக்கக் கற்பனை. அது எனக்குக் குறையாகப் படவில்லை. பிற்பகுதியில் ஒரே மாதிரியான சதிகள் திரும்பத் திரும்ப வருவதுதான் குறை.

எதிர்ப்பக்கத்துப் பாத்திரத்தையும் கதாசிரியர் கைவிடவில்லை. கும்-யங் திறமைசாலி, செல்வாக்கு மிக்க சோய் குலத்தில் பிறந்தவள். குலத்துக்காகத் தன் மனசாட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறாள். அரண்மனையை விட்டு வெளியேறும் நாளில், முழுமையாகச் சோய் குலத்தவளாகவும் இருக்கவில்லை, முழுமையாக நானாகவும் இருக்கவில்லை என்ற பொருளில் அவள் பேசும்போது, அதுவரை அவளை வெறுத்த எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்தது 'தி ரெட் ஸ்லீவ்' (எம்பிசி, 2021–2022, 17 பகுதிகள்). மன்னர் ஜோங்ஜோவும் பணிப்பெண் சோங் தொக்-இம்மும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். தம் ஆசைநாயகியாகும்படி முதலில் அவர் கேட்டபோது அவள் அழுது மறுத்தாள், 15 ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோதும் மறுத்தாள் என்பதை, அவள் இறந்த பிறகு மன்னரே தம் கைப்பட எழுதிய கல்லறை வாசகத்தில் பதிவு செய்திருக்கிறார். நாட்டையே ஆள்பவரிடம் ஒரு பணிப்பெண் இருமுறை 'மாட்டேன்' என்றிருக்கிறாள். தொடர் அந்த மறுப்பைப் பிகுவாகக் காட்டவில்லை. ஆசைநாயகி ஆகிவிட்டால் தன் நாட்கள் தன்னுடையவையாக இருக்கமாட்டா என்ற அவளுடைய அச்சத்தைப் பொறுமையாக, பகுதி பகுதியாக நமக்குப் புரியவைக்கிறது. மன்னரும் கெட்டவரில்லை, தம் பாட்டனாரின் ஆணையால் தந்தை அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு இறந்ததைச் சிறுவயதில் அனுபவித்தவர். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் நம்மால் எந்தப் பக்கமும் சாய முடிவதில்லை.

கடைசியில் அவள் இணங்குகிறாள், ஒரு மகனும் பிறக்கிறான். 1786இல் அந்த மகனை அம்மைக்குப் பறிகொடுத்து, அதே ஆண்டில் அவளும் போய்விடுகிறாள். தொடரில், சாகும் தறுவாயில் அவள் தேடுவது தன் தோழிகளை. அடுத்த பிறவியில் என்னைக் கண்டால் தெரியாதவர்போல் கடந்து போய்விடுங்கள் என்று மன்னரிடம் கேட்டுக்கொள்கிறாள். கல் மனமும் கரையும் இடம் இது. ஆனால் என்னைச் சாய்த்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வருவது: தோழி பத்திரப்படுத்திய பெட்டியில் அவளுடைய பழைய பணிப்பெண் உடை இருக்கிறது. மன்னர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். அவள் இவ்வளவு சிறிய உருவமாகவா இருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது.

பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் இந்த 17 பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். கடைசி இரண்டையும் ஒரே இரவில் பார்க்க வேண்டாம்.