பாயிண்ட் இடுக்கில் ஒரு பிடி பனி

இருப்புப்பாதை கேள்வி–பதில்: செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். இந்த இதழில் பனிக்கால ரயில்கள்.

ஆயிரக்கணக்கான டன் இழுக்கிற எஞ்சினைப் பஞ்சு மாதிரிப் பனி எப்படி நிறுத்துகிறது?
— டீக்கடைக்காரர், புளியரை

வெட்டவெளிப் பாதையில் ஒரு சாண் பனி கிடந்தால் எஞ்சின் அதைச் சட்டை செய்யாது அண்ணாச்சி, தள்ளிக்கொண்டே போய்விடும். வண்டி நிற்பது பெரும்பாலும் ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில், ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற பாயிண்டில். அங்கே கத்தி போல நுனி சீவிய ஒரு தண்டவாளம் நகர்ந்து வந்து, அசையாத பெரிய தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நகர்வதை டங் ரயில் என்போம், நிற்பதை ஸ்டாக் ரயில் என்போம். இரண்டுக்கும் நடுவில் 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டை வைத்துச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். துண்டு உள்ளே இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, வண்டியை உள்ளே விடும் சிக்னலும் விழக் கூடாது. விழுந்துவிட்டால் அந்தப் பாயிண்டை நம்பி வண்டி விட முடியாது.

பனி கொட்டும்போது அந்த இடுக்கு நிறைகிறது. டங் ரயில் மூட வருகிறது, பனி நசுங்குகிறது. மறுபடி திறந்து மூடினால் இன்னும் இறுகுகிறது. நாலைந்து தடவையில் கல்லாகிவிடும். பாயிண்ட் பூட்டாது, சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், பின்னால் வண்டிகள் வரிசை கட்டும். அத்தனை பேரையும் நிறுத்தி வைப்பது ஒரு பிடி பனி.

நான் பனியில் வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்த இடுக்கை நன்றாகத் தெரியும். 2010-இல் எங்கள் பழைய மீட்டர் கேஜ் பாதையை மூடுவதற்குப் பல வருடம் முன்பு, ஓர் ஐப்பசி இரவு. அந்த மழையை ஆரியங்காவுக்காரர்கள் துலாவர்ஷம் என்பார்கள். மலையிலிருந்து வழிந்த செம்மண் பாயிண்டுக்குள் இறங்கிவிட்டது. லீவரை இருவர் சேர்ந்து இழுத்தும் கடைசி அரை அங்குலம் போகவில்லை. வெளியே வண்டி விசில் கொடுத்துக்கொண்டே இருந்தது. அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பியால் சேற்றை நோண்டினேன். கம்பிக்குச் சிக்காததை விரலால் தடவி எடுத்தேன். பட்டாணி அளவு ஒரு கல். அதற்காக முந்நூறு பேர் நாற்பது நிமிடம் மழைக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

சிக்காகோவில் தண்டவாளத்துக்கே தீ வைக்கிறார்களே, உருகிவிடாதா?
— பள்ளி மாணவி, ஆரியங்காவு

2019 ஜனவரியில் அங்கே கடுங்குளிர் அடித்தபோது பரவிய படங்களைப் பார்த்திருப்பாய், மகளே. எரிவது தண்டவாளம் இல்லை. பாயிண்ட் ஓரமாகப் பதித்த குழாயிலிருந்து வரும் எரிவாயு எரிகிறது. நான் மேலே சொன்ன இடுக்கில் பனி தங்காமல் உருக்குவதற்குத்தான் அது. எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும், இந்தச் சுடர் அதை ஒன்றும் செய்யாது. பல நாடுகளில் தீயும் இல்லை, தண்டவாளத்தை ஒட்டி மின்சாரச் சூடேற்றி வைக்கிறார்கள்.

குளிரில் தண்டவாளம் படும் பாடு வேறு. ஒரு கிலோமீட்டர் நீள இரும்பு, வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் 11 மி.மீ.க்குச் சற்று மேல் சுருங்கப் பார்க்கும். நீளமாகப் பற்றவைத்து, அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு இறுக்கிய தண்டவாளம் சுருங்க வழியில்லை. உள்ளுக்குள் இழுவிசை ஏறிக்கொண்டே போய், விடியற்காலையில் பலவீனமான பற்றவைப்பில் பட்டென்று விட்டுவிடும். அதனால்தான் வடக்கே குளிர்கால இரவுகளில் ஆட்கள் டார்ச்சோடு பாதையில் நடக்கிறார்கள். தினமும் பாதையில் நடந்து தண்டவாளத்தைச் சரிபார்க்கிற எங்கள் கீமேன் ஒருவர் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார்.

ஆள் உயரத்துக்குப் பனி விழுந்தால்?
— வாசகர், பாலக்காடு

ஏர்க்கொழு போன்ற இரும்பு முகத்தை முன்னால் பூட்டித் தள்ளுவார்கள். அதற்கும் மிஞ்சினால் சுழலும் கலப்பை. பெரிய சக்கரம் பனியைக் கடைந்து தூரப் போய் விழும்படி வீசும். 1869-இல் இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர் கனடாவின் பல் மருத்துவர் ஒருவர்.

ஆனால் மலைச்சரிவில் பனி வானத்திலிருந்து விழுவதோடு நிற்பதில்லை, சரிந்தும் வருகிறது. வரும்போது மரத்தையும் பாறையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதில் கலப்பையை விட்டால் தகடு உடைந்துபோகும். 1910-இல் அமெரிக்காவின் வெலிங்டன் என்ற மலை ஸ்டேஷனில் இரண்டு வண்டிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டன. மண்வெட்டி பிடித்தவர்களில் பலர் கூலி உயர்வு கேட்டு, கிடைக்காமல் இறங்கிப் போய்விட்டார்கள். மார்ச் 1 அதிகாலையில் பனிச்சரிவு இரண்டு வண்டிகளையும் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். கலப்பை எத்தனை இருந்தாலும் மண்வெட்டிக்காரர் இல்லாமல் பாதை திறக்காது. அவருடைய கூலியில் கை வைக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அதன்பிறகு அந்தத் தடத்தில் கான்கிரீட் கூரைகள் கட்டினார்கள். பனி கூரைமேல் சறுக்கிப் போகும், வண்டி அடியில் போகும். 1929-இல் நீளமான குகை ஒன்றைத் திறந்து, ஆபத்தான சரிவையே விட்டு விலகினார்கள்.

ஜப்பானில் பனிமேல் தண்ணீர் தெளிக்கிறார்களாமே, அதுவும் உறைந்துவிடாதா?
— வாசகர், கொல்லம்

1964-இல் தொடங்கிய தோக்கியோ–ஒசாகா அதிவேகப் பாதையில் ஒரு சங்கடம் இருந்தது. தூள் பனி பெட்டியின் அடியில் ஒட்டி இறுகி, ஓட்டத்தில் கட்டியாக விழும். அது ஜல்லியில் மோதினால் கல் எகிறிக் கண்ணாடியை உடைக்கும். அதனால் தண்ணீர் தெளித்துப் பனியை ஈரமாக்கினார்கள், ஈரப்பனி பறப்பதில்லை. பனி மிகுந்த நீகாத்தா பக்கம் 1982-இல் திறந்த பாதையில் வெந்நீரைத் தெளித்து உருக்கியே விடுகிறார்கள். அதையும் விட எனக்குப் பிடித்தது, 1893 முதல் ஜப்பானில் பாதையோரம் வளர்த்துவரும் காடு. காற்று மரத்தில் மோதி வேகம் குறைந்ததும், சுமந்து வந்த பனியை அங்கேயே போட்டுவிடும்.

ஜனவரியில் நானும் வீட்டுக்காரரும் வந்தே பாரத்தில் ஸ்ரீநகர் போகிறோம். வண்டி ஓடுமா?
— வாசகி, தென்காசி

தைரியமாகப் போய்வாருங்கள் அம்மா. 2025 ஜூன் 6-இல் தொடங்கிய கட்ரா–ஸ்ரீநகர் வண்டி அந்தக் குளிருக்கென்றே செய்தது. ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள் சூடேற்றும் இழை இருக்கிறது, கழிவறைக் குழாய்கள் உறையாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஜனவரியில் அதே பாதையிலுள்ள பனிஹால் வரை போயிருந்தேன். ஸ்டேஷன் முனையில் ஒருவர் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு பாயிண்டைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கி முடித்ததும் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எனக்கு என் கையே தெரிந்தது. அவர் பாஷை எனக்கு வராது, பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன்.

கட்ராவிலிருந்து மூன்று மணி நேரம்தான். ஆனால் பனி கொட்டினால் அதை அகற்றும் வண்டி முன்னால் போன பிறகே உங்கள் வண்டிக்குச் சிக்னல் விழும். இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் கையில் இருக்கட்டும். ஸ்ரீநகரிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.