வேர்முடிச்சு பாக்டீரியாக்களைப் பாதுகாத்தல்: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி, கோயம்புத்தூர்): ஐயா, உளுந்தின் வேர்முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்த பன்னிரண்டு பாக்டீரியா ரகங்களை ஸ்லான்ட்டில் (சாய்வாக உறையவிட்ட ஊட்டக்கூழ் உள்ள குழாயில்) வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வளர்க்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய தலைமுறைகள் பிறக்கின்றன. வேரே இல்லாத குழாய்க்குள் முடிச்சிடும் திறனை இழந்த செல்லுக்கு எந்தக் குறையும் நேராததால், அது மெல்லப் பெருகி இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே நன்கு வளர்ந்த திரவ வளர்ப்பில் கிளிசரால் 20 முதல் 25 விழுக்காடு வருமாறு கலந்து, சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். எடுக்கும்போது உருகவிடாமல், உறைந்த மேற்பரப்பை மட்டும் சுரண்டுங்கள். இன்னொரு பங்கை, கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து உறைய வைத்து உலர்த்தி, வெற்றிடத்தில் ஆம்பூலாக (வாய் உருக்கி மூடிய சிறு கண்ணாடிக் குப்பியாக) மூடி, வேறொரு கட்டடத்தில் வையுங்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் மே மாத விடுமுறையில் உறைபெட்டி நின்றுபோனது. கதவைத் திறந்தபோது குப்பிகளின் மேல் எழுதிய எண்கள் நீரில் கரைந்து வழிந்திருந்தன. எது எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

உயிர்ப்பித்த பிறகு தட்டில் வளர்ந்ததைக் கண்டு நிறைவடையாதீர்கள். நைட்ரஜன் இல்லாத ஊட்டக் கரைசல் ஊற்றி, தூய்மையாக்கிய மணலில் செடி வளர்த்து, சில வாரங்கள் கழித்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றும் வேலை நடக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

கேள்வி (விவசாயி, விழுப்புரம்): விதையில் கலக்கும் ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா) பொட்டலத்தை ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக் காலாவதி நாளுக்குள் பயன்படுத்துங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையானால், 24 மணி நேரம் கழித்தே ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத்தைக் கலந்து நேர்த்தி செய்யுங்கள்.

கேள்வி (ஆய்வாளர், மதுரை): பாரஃபின் எண்ணெய் ஊற்றிய ஸ்லான்ட்டில் எங்கள் ரகங்கள் பல ஆண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. மேலும் உளுந்துக்குரியவை பிராடிரைசோபியம் என்ற வேறொரு வேர்முடிச்சு பாக்டீரியா இனம். பட்டாணியின் ரைசோபியம் போல முடிச்சு மரபணுக்கள் பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக உள்ள டிஎன்ஏ வளையத்தில்) இல்லையே, எப்படித் தொலையும்?

பதில்: பிளாஸ்மிட் பற்றி நீங்கள் சொல்வது சரி, பிராடிரைசோபியத்தில் அம்மரபணுக்கள் பொதுவாகக் குரோமோசோமிலேயே இருப்பதால் மொத்தமாகத் தொலைவது அரிது. ஆனால் திறன் குறைவது வேறு. சோயா மொச்சைக்குரிய புகழ்பெற்ற யுஎஸ்டிஏ 110 என்ற பிராடிரைசோபிய ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த ஒரே வளர்ப்புக்குள்ளிருந்து நைட்ரஜன் நிலைநிறுத்தும் திறனில் பெரிதும் வேறுபட்ட காலனிகள் பிரிக்கப்பட்டதாக 1976இல் ஆய்வு வெளிவந்தது. அதன் மரபணுத் தொகுதி 2002இல் முழுவதும் வாசிக்கப்பட்டபோது பிளாஸ்மிட் ஏதும் இல்லை. எண்ணெய்க்கடியில் செல் உறங்குவதில்லை, மெதுவாக வாழ்கிறது; வாழும்வரை மாறும். உயிரோடு இருப்பதைக் கண்டீர்கள்; முடிச்சைக் கிள்ளிப் பார்த்தீர்களா?

மீண்டும் மதுரை: கடைசியாகப் பார்த்தது ஐந்தாண்டுகளுக்கு முன்பு.

பதில்: இந்தப் பருவத்திலேயே பாருங்கள். பாக்டீரியா சேர்க்காத தொட்டிகளையும் பக்கத்தில் வையுங்கள். அவற்றில் முடிச்சு வந்தால் மணல் சுத்தமில்லை, சோதனையும் செல்லாது.

கேள்வி (கடலூர்): பொட்டலத்தை ஃப்ரீசரில் வைத்தால் கூடுதல் நாள் வருமா?

பதில்: விழுப்புரம் நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். ஃப்ரீசர் வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல்): பாஸ்போபாக்டீரியாவையும் இப்படியே சேமிக்கலாமா?

பதில்: அது என் துறையன்று. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.