ஜெர்மனிக்குக் குடிபோகிறோம். ஏழு வயது மகனை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். நாங்கள் சேர்த்தோம். 2022 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்தபோது என் மகளுக்கும் ஏழு வயதுதான்.

பன்னாட்டுப் பள்ளிக் கட்டணத்தை உங்கள் கம்பெனி தராது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தருவதாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இங்கே அப்படிப்பட்ட பல பள்ளிகளில் ஆண்டுக்கு 15,000 யூரோவைத் தாண்டிவிடும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. கொஞ்ச நாள் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், சட்டம் இடம் தராது.

சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ‘அன்மெல்டுங்’ என்பார்கள். எங்கள் மாநிலத்தில் எந்தத் தொடக்கப் பள்ளி என்பதை அந்த முகவரியே முடிவு செய்துவிடும். எங்களிடம் கேட்டது அந்தப் பதிவுத் தாள், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அப்புறம் தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்டதற்கான அட்டை. 2020 மார்ச்சிலிருந்து அந்த ஊசி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி கட்டாயம். அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்தது கோடை விடுமுறை. பள்ளி அலுவலகம் பூட்டிக்கிடந்தது, செப்டம்பர் 12 வரை காத்திருந்தோம்.

யாருமே கேட்காதது டி.சி. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சென்னையில் அவள் படித்த தனியார் பள்ளியில் அந்த ஒரு காகிதத்துக்காக மூன்று வாரம் அலைந்தேன். ஜூனில் பள்ளி திறந்துவிட்டது, புது ஆண்டின் முதல் தவணையைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பிள்ளை ஒரு நாள்கூட அந்த வகுப்பில் உட்காரவில்லை. விமான டிக்கெட் போட்டாயிற்று, வேறு வழியில்லாமல் கட்டினேன். கட்டணம் வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்ன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று வாரம்தான் கண்ணில் நின்றது. ஊர் திரும்பினால் தேவைப்படலாம் என்று இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

சரி, உங்களை உண்மையில் உறுத்தப்போவது வகுப்பு. அங்கே இரண்டாம் வகுப்பு முடித்தவளை இங்கே வயதைப் பார்த்து மறுபடி இரண்டாம் வகுப்பில் வைத்தார்கள். அதிலும் பாதி நேரம் ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கான ஆயத்த வகுப்பு. “பிள்ளைய ஒரு வருஷம் பின்னாடி தள்ளிட்டீங்களே” என்று மாமியார் ஃபோனில் அழுதார். அன்று இரவு எனக்கும் தூக்கமில்லை.

அந்த ஆண்டு ஆயத்த வகுப்பில் பாதிப் பேர் போருக்குத் தப்பி வந்த உக்ரைன் பிள்ளைகள். என் மகள் நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், பள்ளி வாசல் வந்ததும் அடங்கிவிடுவாள். கணக்கு நன்றாக வரும், அதிலாவது தேறுவாள் என்று நினைத்தேன். ஜெர்மனில் 45-ஐ ‘ஐந்தும் நாற்பதும்’ என்றுதான் சொல்வார்கள். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதும் கணக்கில், காதில் விழுந்த வரிசையிலேயே 54 என்று எழுதிவிட்டாள். தாள் முழுக்க இப்படித் திருப்பிப் போட்ட எண்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் வீட்டிலும் அவளோடு பேச ஆரம்பித்தேன். அவள் என்னிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

நவம்பரில் டீச்சரைப் பார்க்கப் போனபோது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஜெர்மனுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம் என்றேன், பாராட்டுவார் என்று நினைத்து. வேண்டாம் என்றார். உங்கள் மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள், ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்று இரவே பழையபடி பக்கத்தில் படுக்கவைத்துத் தமிழில் கதை சொன்னேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். எத்தனை வாரம் ஆகியிருந்தது அவள் அப்படிக் கேட்டு!

ஜனவரியில் ஒரு நாள் விளையாட்டுத் திடலில், சறுக்கு மரத்து வரிசையில் ஒரு பையன் இவளைத் தாண்டி முன்னால் புகுந்தான். “இஷ் பின் ட்ரான்!” என்று இவள் போட்ட சத்தத்தில் அவன் விலகி நின்றுவிட்டான். ‘இப்போ என் முறை’ என்று அர்த்தம். அவளுடைய உக்ரைன் தோழியும் ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கோடை விடுமுறைக்குள் ஆயத்த வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் அப்படி இல்லையே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், இங்கே கல்வி 16 மாநிலங்களின் கையில் தனித்தனியாக இருக்கிறது. பன்னாட்டுப் பள்ளியில் சேர்த்தவர்களையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் திரும்புவது உறுதி என்றால் அதுதான் நல்லது. பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது என்றாலும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் மாநிலத்தில் நான்காம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிகிறது. அடுத்து பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகும் கிம்னாசியமா, பத்தாம் வகுப்போடு முடியும் ரெயால்ஷூலேயா என்று அப்போதே பிரிந்துவிடும். வந்த கையோடு ஒரு பிள்ளை அதைச் சந்திப்பது கடினம். என் மகள் ரெயால்ஷூலேயில் படிக்கிறாள். அதற்கும் உறவில் முகம் சுளித்தார்கள். பத்தாவது முடித்துவிட்டு மேலே போக வழி இருக்கிறது, அவள் போவாள்.

கிளம்புவதற்கு முன்னால் மகனுக்கு 21 முதல் 99 வரை ஜெர்மனில் சொல்லி, காதால் கேட்டு எழுதப் பழக்குங்கள். பெட்டியில் எடை மிச்சமிருந்தால் தமிழ்க் கதைப் புத்தகங்களை வையுங்கள். எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று எழுதினால், அந்த மாநிலத்தில் எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.